வெளிநாட்டில் டாக்டர் படிப்பா? பணம் கட்டும் முன் இதைப் பாருங்க!

காரைக்குடி,

சிவகங்கை அரசு மருத்துவக்கல்லூரி 2012-ல் வந்தது. நீட் மார்க் குறைந்து அங்கே இடம் கிடைக்காவிட்டால் அடுத்து வீட்டு வாசலில் நிற்பது ஏஜெண்டுதான். நகையை அடகு வைத்து பிள்ளையை ரஷியா, ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ் என்று அனுப்புகிறார்கள்.

ஏஜெண்டு காட்டும் போட்டோவில் கட்டிடம் பளபளன்னு இருக்கும். பார்க்க வேண்டியது அது இல்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 நவம்பர் 18-ந் தேதி விதிப்படி, அதன்பிறகு சேர்ந்தவர்கள் ஆங்கிலத்தில் குறைந்தது 54 மாதம் படித்து, அதே கல்லூரியில் 12 மாதம் பயிற்சியும் முடிக்கணும். அதோடு, அந்த நாட்டுக் குடிமக்களுக்கு சமமாக அங்கேயே வைத்தியம் பார்க்க லைசென்ஸ் பெறும் தகுதியும் வேண்டும். வில்லங்கமே இதில்தான். மாணவர் விசா படிக்க மட்டும்தான். வெளிநாட்டவருக்கு லைசென்ஸ் கிடையாது என்று அந்த நாட்டு சட்டம் சொன்னால், வாங்கிய பட்டம் இங்கே எடுபடாது.

பிலிப்பைன்சில் எம்.டி. படிப்பே 48 மாதம்தான். அதற்கு முன் படிக்கும் பி.எஸ். கணக்கில் சேராது. இதை எந்த ஏஜெண்டு வாய்விட்டு சொல்வார்?

ஊர் திரும்பினால் எப்.எம்.ஜி.இ. தேர்வு. 300-க்கு 150 எடுக்கணும். பிறகு இங்கேயும் 12 மாதம் ஹவுஸ் சர்ஜன். சேர்ந்த நாளில் இருந்து 10 வருடத்துக்குள் எல்லாம் முடியணும். நீட் பாஸ் இல்லாமல் வெளிநாட்டு சீட் என்று யாராவது சொன்னால் ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்க.

லைசென்ஸ் விஷயத்தை அந்த நாட்டில் உள்ள இந்திய தூதரகத்துக்கு இ-மெயில் போட்டு கேட்கலாம். அட்வான்ஸ் கொடுப்பது அதற்குப் பிறகு.