வெள்ளைக் குட்டிக்குக் காது கேட்குமா?

தாய் வாசலில் கால் வைத்ததும் குட்டிகள் எல்லாம் முட்டி மோதி ஓடுகின்றன. ஒன்று மட்டும், இன்னொன்று மேலே மிதித்த பிறகுதான் கண் விழிக்கிறது. ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்களின் பயமெல்லாம் அந்த ஒன்றைப் பற்றித்தான்.

பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். 2005-ல் தபால்தலை ஏறிய இனம்; 2020-ல் பிரதமர் வானொலியில் பெயர் சொன்ன இனம். குட்டி வாங்க வருபவர் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். வம்பும் அங்கேதான் தொடங்குகிறது. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. அங்கே அவை இல்லாவிட்டால் நுண்ணிய ரத்தநாளங்கள் கெட்டு, பிறந்த சில வாரங்களுக்குள் ஒலி உணரும் செல்கள் செத்துவிடும். பிறகு மருந்து கிடையாது. அமெரிக்காவில் சோதித்த டால்மேஷியன் நாய்களில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. அதுவும் வெள்ளைத் தோல்தான்.

குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது இங்குள்ள வழக்கம். முழுச்செவிடு இதில் அகப்படலாம். ஆனால் காற்றசைவும் தரையதிர்வும் உடன்பிறந்தவற்றின் ஓட்டமும் சேர்ந்து ஏமாற்றிவிடும். ஒற்றைக்காது கேளாத குட்டி தேர்வில் சுலபமாகத் தேறிவிடும். வளர்ந்து இணை சேரும், குட்டி போடும். குறை தலைமுறை தாண்டுவது இந்த நல்ல நாய்கள் வழியாகத்தான். காது வாரியாகச் சொல்ல, மூளைக்குப் போகும் மின்னலையை அளக்கும் கருவி வேண்டும்; ஐந்து வாரம் கடந்த பின் செய்யலாம். முன்பெல்லாம் கறுப்போ செவலையோ பிறந்தால் கழித்துவிடும் பழக்கம் இருந்தது. காதுக்கு வேண்டிய நிறத்தையே நாம் கழித்துவந்தோம் என்பது என் கணக்கு.

ஆக, குட்டியைப் பேணுவது இணையைத் தேர்வதில் தொடங்குகிறது. மற்றதெல்லாம் பொறுமை. சினை சுமார் 63 நாள். நாள் நெருங்கியதும் காலை மாலை உடல்சூட்டை அளக்க வேண்டும்; 37 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈன்றுவிடும். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில், பழைய சேலை விரித்துப் படுக்கை. பிறந்த குட்டிக்குத் தன் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது. மார்கழி இரவில் சிமென்ட் தரையில் விட்டால், சீம்பால் குடித்த குட்டியும் துவண்டுவிடும். அந்தச் சீம்பாலோ முதல் நாளுக்குள் வயிற்றில் இறங்க வேண்டும்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. இவ்வளவு பால் புழங்கும் ஊர்ப்பக்கம், தாய் இல்லாத நாய்க்குட்டிக்குப் பசும்பாலைப் புகட்டத் தோன்றுவது இயல்பு. ஆனால் நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. வெறும் பசும்பாலில் குட்டி தேறாது, கழிச்சலும் வரும். கால்நடை மருத்துவரைக் கேட்டு நாய்க்குட்டிக்கான பால்மாவு வாங்குவதே சரி. தாயையும் கவனிக்க வேண்டும்: குட்டி போட்ட இரண்டு மூன்று வாரத்தில் மூச்சு வாங்கி, கால் விறைத்து நடுங்கினால் அது சுண்ணாம்புச்சத்துக் குறைவு. அன்றைக்கே ஊசி போடாவிட்டால் உயிர் போகும். சினையாக இருக்கும்போதே சுண்ணாம்புச்சத்து மாத்திரையை அள்ளிக் கொடுப்பது இதைத் தடுக்காது, வரவழைக்கும்.

இங்கிலாந்தில் பந்தயக் குதிரைக்கு 1791-லேயே வம்சப் பேரேடு அச்சிட்டார்கள்; எந்தப் பெட்டைக்கு எந்தக் குட்டி என்று அதில் இருக்கும். நம்மூர் நாய்க்கு அவ்வளவு வேண்டாம். ஒவ்வொரு ஈத்திலும் எத்தனை குட்டி, எதற்குக் காது கேட்கவில்லை, தகப்பன் எது என்று வளர்ப்பவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினால் போதும். செவிட்டுக் குட்டியைக் கைச்சைகையால் பழக்கி, கயிற்றில் பிடித்து வளர்க்கலாம். இணை மட்டும் சேர்க்கக் கூடாது. எட்டு வாரத்தில் குட்டி வாங்கப் போகிறவர், மூக்கின் நிறத்தைப் பார்த்துவிட்டு அந்த நோட்டையும் காட்டச் சொல்ல வேண்டும்.