காரை மேட்டில் ஒரு கடல்

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தை அடுத்து, செம்மண் மேடுகள் மடிப்பு மடிப்பாக அரிபட்டுக் கிடக்கின்றன. மழைக்குப் பின் அங்கே நடந்தால், ஆட்டுக்கடாக் கொம்புபோல் சுருண்ட கல் காலில் தட்டுப்படலாம். அம்மோனைட் என்ற கடலுயிரியின் ஓடு அது. பூஜையறைச் சாளக்கிராமமும் இந்த இனத்தின் புதைபடிவம்தான். கடற்கரையோ இன்று கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில்!

அந்தக் கல்லைப் பைக்குள் போட்டுக்கொள்ளாதீர்கள். கிடந்த இடம் தெரியாத படிவம் பாதிச் செய்தியை இழந்துவிடும்.

அந்தச் செய்தியைப் படிப்பது புவி அறிவியல்; பள்ளியில் படித்த புவியியல் வேறு, இது வேறு. இதற்குள் பல துறைகள் உண்டு. எந்த உயிரின் எச்சம் என்று தொல்லுயிரியல் சொல்லும். எந்த அடுக்கு கீழே, எது மேலே என்று அடுக்கியல் சொல்லும். இரண்டும் சேர்ந்து இந்த மேட்டுக் களிமண்ணுக்கு வைக்கும் வயது சுமார் 10 கோடி ஆண்டு. இடையிடையே கண்ணாடித் தகடாய் மின்னும் ஜிப்சம் கனிமவியலின் பங்கு.

என்னை மிகவும் வியக்கவைப்பது புவிவேதியியல். தோட்டா வடிவில் பெலம்னைட் என்றொரு படிவம் இங்கே கிடைக்கிறது. கடல்நீர் குளிரக் குளிர, பெலம்னைட்டின் சுண்ணாம்பில் கனமான ஆக்சிஜன் அணுக்கள் கூடுதலாகச் சேரும். பழுதுபடாத படிவத்தில் அந்த விகிதத்தை அளந்தால், அது வாழ்ந்த கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று கணக்கிடலாம்.

கடல் இங்கே வந்தது எப்படி? கோண்டுவானாப் பெருநிலம் உடைந்து, இந்தியா அண்டார்டிகாவிடமிருந்து பிரிந்தபோது விளிம்பில் பள்ளங்கள் விழுந்தன; அவற்றில் கடல் புகுந்தது. இது புவித்தட்டுகளை ஆராய்வோர் தரும் விடை. காவிரிப் படுகை எனப்படும் அந்தப் பள்ளத்தின் ஆழத்தை, நிலத்துக்குள் அதிர்வலைகளை அனுப்பித் துழாவுவது புவி இயற்பியல். இங்கே எண்ணெய் தேடியவர்கள் கையாண்ட வழி அது. மேட்டை மழை அரித்த கதை புவிப்புறவியலுடையது.

பாடப்புத்தகம் இந்தத் துறைகளைத் தனித்தனி அத்தியாயமாகப் பிரிக்கிறது. காரையில் ஒன்றை விட்டு ஒன்றைப் படிக்க முடியாது. துறை எல்லையைத் தாண்டியவரும் இங்கே உண்டு. இப்பகுதிப் பாறைகளை 1860-களில் விவரித்து எழுதிய ஹென்றி பிளான்ஃபோர்டு, நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்தவர். 1875-இல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்றவரும் அவரே. இமயத்தில் பனி மிகுந்த ஆண்டில் தென்மேற்குப் பருவமழை குன்றும் என்று 1884-இல் எழுதினார். அந்தப் பனியைப் பார்த்தே நாட்டுக்கு மழை முன்னறிவிப்பும் தந்தார்.