கண்ணுக்குத் தெரியாத சுவர்!
அதை அளக்க ஒரு கோல்

வெளிநாட்டில் இருந்து ஒரு கைக்கடிகாரம் வருகிறது. துறைமுகத்தில் சுங்க அதிகாரி அதைப் பார்க்கிறார். "இத்தனை சதவீதம் வரி" என்கிறார். கணக்கு முடிந்தது!

வெளிநாட்டில் இருந்து ஒரு வக்கீல் வருகிறார். அவர் கொண்டுவரும் சரக்கு என்ன? சட்ட அறிவு! அதை எந்தத் தராசில் நிறுப்பது? அதற்கு எத்தனை சதவீதம் வரி போடுவது?

சுங்கவரி போட முடியாது. ஆனால், "இங்கே நீங்கள் தொழில் நடத்தக்கூடாது" என்று சட்டம் போடலாம்.

வக்கீல் தொழில், பாங்கி, இன்சூரன்ஸ், டெலிபோன், கப்பல் போக்குவரத்து, சினிமா ஆகிய இவை எல்லாம் "சேவைகள்". நாடுகள் இவற்றையும் விற்கின்றன, வாங்குகின்றன. இந்த வியாபாரத்துக்குத் தடை, துறைமுகத்தில் இல்லை. சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

அந்தத் தடையை அளக்க முடியுமா? முடியும்!

கேள்வியும் மார்க்கும்

பாரிஸ் நகரில் "பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு" இருக்கிறது. 2014-ம் ஆண்டில் அது ஒரு அளவுகோலை வெளியிட்டது.

முறை இதுதான். ஒவ்வொரு நாட்டின் சட்டங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறார்கள்.

"இந்தத் தொழிலுக்கு லைசென்சு வேண்டுமானால், சொந்த நாட்டுக் குடிமகனாக இருக்கவேண்டுமா?"

"கம்பெனியில் வெளிநாட்டார் எவ்வளவு பங்கு வாங்கலாம் என்று வரம்பு உண்டா?"

தடை உண்டு என்றால் 1. இல்லை என்றால் 0. பெரிய தடைக்கு மதிப்பு அதிகம். சிறிய தடைக்குக் குறைவு. எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண் வரும். 0 என்றால், கதவு முழுவதும் திறந்து இருக்கிறது. 1 என்றால், முழுப் பூட்டு! இப்படி 22 தொழில்களை அளக்கிறார்கள்.

இதற்கு முன்பே, 2012-ல் உலக வங்கி 103 நாடுகளை அளந்து கணக்கு வெளியிட்டது. அந்தக் கோல் வேறு. 0 முதல் 100 வரை. ஆகவே, இந்த எண்ணை அந்த எண்ணோடு ஒப்பிடக்கூடாது. முழக் கணக்கையும் மீட்டர் கணக்கையும் கலந்தால் துணி எப்படிச் சரியாக வரும்?

சென்னையில் ஒரு வழக்கு

வெளிநாட்டு வக்கீல்கள் இந்தியாவில் தொழில் நடத்தக்கூடாது என்று சென்னை வக்கீல் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். 2012-ல் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது: "இங்கே தொழில் நடத்த முடியாது. ஆனால், தற்காலிகமாக வந்து, தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம்."

2018-ல் சுப்ரீம் கோர்ட்டு, சில திருத்தங்களோடு அதை ஏற்றது. 2023-ல் இந்திய பார் கவுன்சில் கதவைக் கொஞ்சம் திறந்து விதி வெளியிட்டது. வெளிநாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லலாம். கோர்ட்டில் ஏறி வாதாட முடியாது!

இப்படி விதி மாறும்போது எண்ணும் மாறும். அதற்காகத்தான் ஆண்டுதோறும் அளக்கிறார்கள்.

சினிமாவுக்கும் சுவர்

தென் கொரியாவில் ஒவ்வொரு தியேட்டரும் ஆண்டுக்கு 146 நாள் கொரியப் படம் காட்டவேண்டும் என்று விதி இருந்தது. அமெரிக்காவோடு வர்த்தகப் பேச்சு தொடங்கும் நேரத்தில், 2006-ல் அது 73 நாளாகக் குறைக்கப்பட்டது. நடிகர்களும் டைரக்டர்களும் கொதித்து எழுந்தனர். தெருவில் இறங்கிப் போராடினர்.

வெளிநாட்டுப் பட முதலாளிக்கு அந்த விதி ஒரு தடை. கொரிய நடிகருக்கோ அது சோறு! ஆனால், அளவுகோல் அதைத் தடை என்று மட்டுமே எழுதிக்கொள்ளும்.

அதிக எண் வாங்கிய நாடு கெட்ட நாடு என்று முடிவு கட்டிவிடக்கூடாது. சில சுவர்கள் போட்டிக்குப் பயந்து எழுப்பியவை. அவற்றால் மக்களுக்கு நல்ல சேவை மலிவாகக் கிடைக்காமல் போகும். வேறு சில சுவர்கள், உள்ளூர்த் தொழிலைக் காப்பவை.

சுவர் எத்தனை உயரம் என்று கோல் சொல்லிவிடும். அது வேண்டுமா, வேண்டாமா என்று அந்த நாட்டு மக்கள்தான் சொல்லவேண்டும்.