விலை இறங்கினால் வண்டியும் இறங்குமா?

தமிழ்நாட்டுச் சிறுநகரங்களில் 'பேட்டரி வண்டி' என்ற பெயருக்கு நெடுங்காலம் மரியாதை கிடையாது. 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத வேகம், பதிவெண்ணும் ஓட்டுநர் உரிமமும் வேண்டாம் என்ற சலுகை, கால் வைக்கும் பலகைக்கு அடியில் ஈய-அமில பேட்டரிகள். அந்த பேட்டரிகள் தளர்ந்துவிட்டால் வண்டி சுவரோரம் சாய்ந்துவிடும். கடலூர் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் மேல வீதியிலோ ஒருவர் அப்படியொரு வண்டி வாங்கினால், மைலேஜைக் கேட்கும் முன்பே 'பாலம் ஏறுமா?' என்றுதான் கேள்வி வரும். அந்த இளக்காரத்தைத் துடைத்த நிறுவனங்களில் முக்கியமானது ஏத்தர் எனர்ஜி. சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-இல் தொடங்கிய இந்நிறுவனத்தின் வண்டிகள் இப்போது ஓசூரில் தயாராகின்றன. 2018-இல் பெங்களூரிலும் அடுத்த ஆண்டு சென்னையிலும் இறங்கிய 'ஏத்தர் 450' தொடுதிரையும் உடனடி இழுவையுமாக வந்தது. விலையும் பெட்ரோல் ஸ்கூட்டரைவிட வெகுவாக மேலே நின்றது. காசு இருப்பவர் வாங்கும் வண்டி என்ற பெயர் அதற்கு நிலைத்தது. 2024 ஏப்ரலில் அதே நிறுவனம் 'ரிஸ்டா' என்ற குடும்ப ஸ்கூட்டரைத் தொடக்க விலை ஏறத்தாழ 1.10 லட்சம் ரூபாய்க்கு அறிவித்தபோது, பழைய சந்தேகம் வேறு உருவில் திரும்பியது: விலையைக் குறைக்க எதில் கை வைத்திருப்பார்கள்?

சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அதை அளக்க நாம் எடுக்கும் முழக்கோல் பெட்ரோல் காலத்தது. பெட்ரோல் வண்டியில் விலை குறைந்தால் எஞ்சின் சிறுத்தது என்று பொருள். 110 சிசிக்கும் 125 சிசிக்கும் உள்ள வேறுபாடு அது. மின்சார வண்டியில் விலையின் மிகப் பெரிய பங்கு பேட்டரியில் கிடக்கிறது. கிலோவாட்-மணி என்று விளம்பரத்தில் மிரட்டும் அளவு நம் வீட்டு ஈபி மீட்டர் காட்டும் யூனிட்தான், வேறொன்றுமில்லை. ரிஸ்டாவின் சிறிய பேட்டரி 2.9 யூனிட் கொள்ளும், பெரியது 3.7 யூனிட். தரச்சோதனை நிலையக் கணக்கில் சிறியது ஒரு சார்ஜுக்கு 123 கிலோமீட்டர், பெரியது 160 கிலோமீட்டர் ஓட வேண்டும். தார்ச்சாலையில், பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்க, வெயிலும் எதிர்க்காற்றுமாக ஓட்டினால் அந்த எண்கள் நிற்காது. சிறியதை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வண்டி என்று எண்ணிக்கொள்வதே விவேகம். ஆக, விலை குறைந்த வகையில் முதலில் குறைவது தூரம். வேகமோ உழைப்போ அதே விகிதத்தில் குறைவதில்லை. சின்னக் குடத்தில் தண்ணீர் கொஞ்சம்தான் கொள்ளும், அதற்காகக் குடம் ஒழுகும் என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்து கத்தி பட்ட இடம் மோட்டார். 450-க்குப் பின் வந்த 450 எக்ஸ் வண்டியின் மோட்டார் உச்சத்தில் 6.4 கிலோவாட் தரும், ரிஸ்டாவினுடையது 4.3 கிலோவாட். உச்ச வேகம் 90-இலிருந்து 80-க்கு இறங்கியது. தாளில் இது பெரிய இழப்பு. ஆனால் கடலூர் மாவட்டத்தின் கரையோரம் தட்டையான நிலம். இங்கே ஏற்றம் என்று சொல்ல இருப்பவை பெரும்பாலும் கெடிலம், வெள்ளாறு போன்ற ஆறுகளின் மேல் கட்டிய பாலங்களும் ரயில்வே மேம்பாலங்களும்தான். சிதம்பரத்தில் தேரோடும் நான்கு வீதிகளில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு வேலையே இல்லை. அதே சமயம் குறைக்காமல் விட்டவையும் கூட்டியவையும் கவனத்துக்குரியவை. சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட் அமைப்பும், செல் ஒவ்வொன்றின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் கண்காணிக்கும் பேட்டரி மேலாண்மையும் 450 வழி வந்தவை. இருக்கை நீண்டது, சீட்டுக்கு அடியில் 34 லிட்டர் டிக்கி. 450-இல் பின்னால் உட்காருவது ஒரு தண்டனை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இது நேரடிப் பதில். ஆரம்ப வகையில் வண்ணத் திரைக்குப் பதில் எளிய எல்சிடி திரை. வரைபடம் அதில் வராது. தினம் போகும் பள்ளிக்கூடத்துக்கு வரைபடம் எதற்கு?

இங்கேதான் என் வாதம் இருக்கிறது. மக்கள் குறைந்த விலையை வெறுப்பதில்லை. தன் கண்ணெதிரே வெட்டி எடுக்கப்பட்டதை வாங்கத்தான் கூச்சப்படுகிறார்கள். இதற்குச் சான்று ஏத்தரின் சொந்த வரலாற்றிலேயே உண்டு. 2018 ஜூனில் 450 தனியாக வரவில்லை, '340' என்ற தம்பியோடு வந்தது. இரண்டுக்கும் ஒரே உடல். 450-க்கு 2.4 யூனிட் பேட்டரி, 340-க்கு 1.92 யூனிட். 450 மணிக்கு 80 போகும், 340 மணிக்கு 70 போகும். பெங்களூரில் சாலைக்கு வரும் விலை 450-க்கு 1,24,750 ரூபாய், 340-க்கு 1,09,750 ரூபாய். வந்த முன்பதிவுகள் ஏறக்குறைய எல்லாமே 450-க்குப் போயின. 2019-இல் 340-ஐ நிறுத்திவிட்டார்கள். ரிஸ்டாவின் கதை நேர்மாறானது: சந்தைக்கு வந்த ஓராண்டுக்குள் ஒரு லட்சம் விற்று, நிறுவனத்தின் மொத்த விற்பனையில் பாதிக்கு மேல் அதுவே ஆனது. 340-ஐ வாங்குபவர் ஒவ்வொரு சிக்னலிலும் 'நான் 450 வாங்க முடியாதவன்' என்று அறிவித்தாக வேண்டும். ரிஸ்டா வாங்குபவர் சொல்வது வேறு: 'எனக்குக் குடும்பம் இருக்கிறது.' விலை இரண்டிலும் குறைவுதான். ஒன்றில் அது வெட்டாகத் தெரிந்தது, மற்றதில் நோக்கமாகத் தெரிந்தது.

உலக அளவில் இந்த நாடகத்தை ஆடிக்காட்டியது டெஸ்லா. விலையுயர்ந்த வண்டியை முதலில் விற்று, அந்தப் பணத்தில் மலிவான வண்டியை உருவாக்குவது என்று ஈலான் மஸ்க் 2006-லேயே எழுதி வெளியிட்டார். 2008-இல் ரோட்ஸ்டர், 2012-இல் மாடல் எஸ், 2016 மார்ச் 31 அன்று 35,000 டாலர் என்ற அறிவிப்போடு மாடல் 3. சில நாட்களில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் ஆளுக்கு ஆயிரம் டாலர் கட்டிப் பதிந்தனர். வண்டியைத் தொட்டுப் பார்த்தவர் கிட்டத்தட்ட யாருமில்லை. அது மாடல் எஸ்-ஸின் குறைபட்ட நகல் என்று யாருக்கும் தோன்றவில்லை, அதற்கென்று தனி உருவம் இருந்தது. 2025 அக்டோபரில் அதே நிறுவனம் 'ஸ்டாண்டர்ட்' என்ற பெயரில் மாடல் 3, மாடல் ஒய் இரண்டையும் சில ஆயிரம் டாலர் குறைத்துக் கொடுத்தது. பின்னிருக்கைத் திரை போயிற்று, ரேடியோ போயிற்று. மாடல் ஒய்-யின் கண்ணாடிக் கூரையை எடுக்கவில்லை. உள்பக்கம் துணி வைத்து மூடிவிட்டார்கள். வானம் அங்கேயே இருக்கிறது, பார்க்கத்தான் கூடாது! அறிவித்த அன்றே பங்கு விலை 4 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. நம் நாட்டில் டாடா நானோ இந்தப் பாடத்தை இன்னும் கசப்பாகக் கற்றது. 2008-இல் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று உலகமே பேசிய வண்டி 2018-இல் உற்பத்தி ஓய்ந்து முடிந்தது. மிக மலிவான கார் என்று முத்திரை குத்தியதே தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

எதிர்வாதம் உண்டு. 2018-இல் வாங்க வந்தவர்கள் புதுமைப் பித்தர்கள். அவர்களுக்கு 15,000 ரூபாய் பொருட்டல்ல. ஆகவே 340-இன் தோல்வியைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது என்று ஒருவர் சொல்லலாம். பாதி சரி. பெங்களூர், சென்னை வாடிக்கையாளரைக் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வாடிக்கையாளரோடு ஒரே தராசில் வைக்க முடியாதுதான். ஆனால் மறுபாதியையும் பார்க்க வேண்டும்: 2024-இல் வந்த 'மலிவு' ரிஸ்டாவின் உச்ச வேகம் 80, அதாவது 2018-இன் உயர்ரக 450-க்கு இருந்த அதே வேகம். பேட்டரி அதைவிடப் பெரியது. இடையில் ஒன்றிய அரசின் மானியம் 2023 ஜூனில் பெரிதும் வெட்டப்பட்டது, பணத்தின் மதிப்பும் தேய்ந்தது. நேற்றைய உயர்தரம் இன்றைக்கு ஆரம்ப விலையில் கிடைக்கிறது. இது பேட்டரியின் விலை வீழ்ந்ததால் நடந்தது, தரம் வீழ்ந்ததால் அல்ல.

இன்னொரு எதிர்ப்பு கனமானது: 1.10 லட்சம் எந்தக் கணக்கில் மலிவு? 90,000 ரூபாய்க்குள் நல்ல பெட்ரோல் ஸ்கூட்டர் கிடைத்துக்கொண்டிருந்தது. 2025 செப்டம்பரில் பெட்ரோல் ஸ்கூட்டர்களுக்கான ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாக இறங்கியபின் இடைவெளி இன்னும் விரிந்தது. மின் வண்டிக்கு முன்பும் 5, இப்போதும் 5. போதாததற்கு, மென்பொருள் வசதிகளை 'ப்ரோ பேக்' என்ற பெயரில் தனி விலைக்கு விற்கிறார்கள். விளம்பர விலையும் பில் விலையும் ஒன்றல்ல. எனக்கு இதில் நிறுவனத்தின் மேல் அனுதாபம் இல்லை. தொடக்க விலையைச் சத்தமாகவும் மீதியை முணுமுணுப்பாகவும் சொல்வது வெட்டு என்ற எண்ணத்தையே வளர்க்கும். ஆனால் ஓட்டும் செலவு வேறு கதை சொல்கிறது. நாளுக்கு 25 கிலோமீட்டர் ஓடும் வீட்டில், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டர், நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் பெட்ரோலில் மாதம் சுமார் 1,700 ரூபாய் தின்னும். அதே ஓட்டத்துக்கு மின் வண்டி சார்ஜ் இழப்பையும் சேர்த்து நாளுக்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேல் எடுக்கும், இரண்டு மாத பில்லில் ஏறத்தாழ 50 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்றாலும் இரண்டு மாதத்துக்கு 300 ரூபாய். ஏசி போடும் வீடுகளில் இந்த 50 யூனிட் மொத்தத்தை 500-க்கு மேல் தள்ளிவிட்டால் கட்டண விகிதமே மாறும். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியும் விலை வேறுபாடு இரண்டு ஆண்டைச் சுற்றி ஈடாகிவிடும்.

2025 ஆகஸ்டில் இன்னொரு வழி திறந்தது. பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் ரிஸ்டா 75,999 ரூபாயிலிருந்து. பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 1 ரூபாயிலிருந்து வாடகை. காதுக்கு இனிமையான ஏற்பாடு. முழு விலைக்கும் இதற்கும் உள்ள இடைவெளி சுமார் 30,000 என்று கொண்டால், 30,000 கிலோமீட்டருக்குள் வாடகை அதை விழுங்கிவிடும். நாளுக்கு 25 ஓடுபவருக்கு மூன்றேகால் ஆண்டு. கையில் முன்பணம் இல்லாதவருக்கு இது வாசல். நிறைய ஓட்டுபவருக்கு இது மாதத் தவணையின் இன்னொரு பெயர்.

கடற்கரை மாவட்டத்தில் கேட்கும் அச்சம் இவற்றைவிடப் பழையது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டு மின்கம்பங்களைச் சாய்த்தது; 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபின் சாத்தனூர் அணை நீரோடு தென்பெண்ணை பெருகி ஊருக்குள் வந்தது. தண்ணீரில் நின்ற மலிவு மின் வண்டி என்ன ஆகும்? பேட்டரிக்குத் தரும் ஐபி67 தரம், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனையைக் குறிக்கிறது. நல்ல தண்ணீரில், ஆய்வகத்தில். இரண்டு நாள் சேற்றிலும் உப்பங்கழி நீரிலும் நிற்பதை அந்தச் சோதனை கேட்பதில்லை. ஆகவே இந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் இதில் மலிவு வகைக்கும் உயர்ரகத்துக்கும் பேதம் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். தரக்குறியீடு இரண்டுக்கும் ஒன்றே. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு வெள்ளச் சேதத்தில் எதுவும் கிடைக்காது, 450 ஆனாலும் ரிஸ்டா ஆனாலும். மின்சாரமே இல்லாத புயல் வாரத்தில் மின் வண்டி நிற்கும் என்பதும் உண்மை.

ஆக, விலை குறைந்த வகையை எடுப்பதா என்ற கேள்வி கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் உள்ள தூரத்தில் வந்து நிற்கிறது. கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். சந்தை, பள்ளிக்கூடம், கோயில் என்று ஊருக்குள்ளேயே சுற்றுபவருக்கு 2.9 யூனிட் வண்டியை வாரத்தில் இரண்டு முறை சார்ஜ் போட்டாலே போதும். பெரிய பேட்டரிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தினமும் கடலூரிலிருந்து போய் வருபவருக்குக் கணக்கு 90 கிலோமீட்டர்; சிறிய பேட்டரி மாலையில் பழைய கடலூரைத் தொடும்போது மூச்சு வாங்கும், மழைக்காற்று எதிரே அடித்தால் அதற்கு முன்பே. அவர் 3.7 யூனிட் வகையை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை செய்யும் இடத்தில் வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் தருவார்களா என்று, ஷோரூமுக்குப் போகும் முன்பே விசாரித்துவிட வேண்டும்.