விரதமா, விட்டுப்போன ஊசியா?

சர்க்கரை நோய் உள்ள ஒரு பெண்ணிடம், "இனிப்பைத் தவிர்க்கிறீர்களா? சாப்பாட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? வேளை தவறி வெறும் வயிற்றோடு இருப்பீர்களா?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆமாம் என்றுதான் சொல்வார். முதல் இரண்டும் டாக்டர் சொல்லிச் செய்வது. மூன்றாவது, கீழ்பென்னாத்தூர் போன்ற ஊரில் கிருத்திகைக்கு ஒருபொழுது இருப்பவருக்கும், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய்க் கிரிவலம் முடித்த பிறகே சாப்பிடுபவருக்கும் பழகிய வழக்கம். உண்ணும் பழக்கத்தில் வரும் கோளாறைக் கண்டறியும் பொதுவான கேள்வித்தாளில் இந்த பதில்களுக்கெல்லாம் மதிப்பெண் ஏறும்.

இது நடந்தும் இருக்கிறது. மனநல மருத்துவர்கள் மைக்கேல் கிங், தினேஷ் புக்ரா இருவரும் வட இந்திய நகரம் ஒன்றின் பள்ளி மாணவிகளிடம் அப்படியொரு கேள்வித்தாளைக் கொடுத்து, 1989இல் முடிவை வெளியிட்டார்கள். 29 சதவீதம் பேர் அபாய எல்லையைத் தாண்டியிருந்தார்கள். ஆராய்ந்தபோது, நோன்புப் பழக்கமும் கேள்விகளை வேறுவிதமாகப் புரிந்துகொண்டதுமே அதற்குப் பெரும் காரணம் என்று தெரிந்தது.

சர்க்கரை நோயாளிகளுக்கென்றே தனிக் கேள்வித்தாள் உண்டு: டெப்ஸ்-ஆர். பாஸ்டனின் ஜாஸ்லின் நீரிழிவு மையத்தைச் சேர்ந்தவர்கள் 2010இல் அதைத் திருத்திச் சுருக்கினார்கள். 16 கேள்விகள், மொத்தம் 80 மதிப்பெண். 20ஐ எட்டினால் விரிவாகப் பேசிப் பார்க்க வேண்டும். எட்டியதாலேயே உண்ணும் கோளாறு என்று முடிவுகட்டக் கூடாது. இதன் பலம், இன்சுலினைப் பற்றியும் கேட்பதுதான்.

காரணம் இருக்கிறது. இன்சுலினை நிறுத்தினால் ரத்தத்தில் உள்ள சர்க்கரை உடம்புக்குப் பயன்படாமல் சிறுநீரில் போய்விடும். கொழுப்பும் தசையும் கரைந்து எடை மளமளவென்று குறையும். முதல் வகை சர்க்கரை நோயுள்ள வளரிளம் பிள்ளைகள் சிலர் இதைத் தெரிந்துகொண்டு, மெலிவதற்காகவே ஊசியைக் குறைக்கிறார்கள். வெளியே பார்த்தால் ஒழுங்காகச் சாப்பிடும் பிள்ளை. ஆனால் மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ஏறிக்கொண்டே போகும். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் முதல் வகை நோயுள்ள பிள்ளைகளிடம் உண்ணும் கோளாறு பற்றி 10 முதல் 12 வயதிலேயே கேட்கத் தொடங்கச் சொல்கிறது.

நம் ஊரில் ஊசி விட்டுப்போக வேறு காரணங்களும் உண்டு. பெண் பார்க்க வரும்போது தெரிந்துவிடக் கூடாது என்பது ஒன்று. விடுதியில் எல்லார் முன்னாலும் எப்படிப் போட்டுக்கொள்வது என்பது இன்னொன்று. அதனால், "ஏன் ஊசி போடலை?" என்று அதட்டுவதில் பயனில்லை. "போன வாரம் எந்தெந்த வேளை விட்டுப்போச்சும்மா? அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று, அம்மா பக்கத்தில் இல்லாதபோது கேட்க வேண்டும். விரதம் என்றால், "நாள் முடிஞ்சதும் வழக்கம்போல சாப்பிடுவியா? நாளுக்கு நாள் விரதம் கூடுதா?" என்று கேட்கலாம். கூடிக்கொண்டே போனால், பக்திக்குள் வேறொன்று ஒளிந்திருக்கலாம். மொழிபெயர்த்த கேள்வித்தாள் இந்த வேலையைச் செய்யாது. ஊரை அறிந்த செவிலியர் செய்வார்.

உண்மையான விரதத்திலும் ஆபத்து உண்டு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையை விழுங்கிவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். எனவே விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வகை நோயுள்ளவர் விரத நாளிலும் இன்சுலினை முற்றிலும் நிறுத்தவே கூடாது. ஊசி விட்டுப்போனவருக்கு வாந்தி, வயிற்றுவலி, வேகமாக மூச்சு வாங்குதல் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.