முதுமையின் மௌனம் நோயாகவும் இருக்கலாம்

பூண்டுலோயாவிலிருந்து கீழே இறங்கினால் கொத்மலை நீர்த்தேக்கம். 1985இல் அது நிறைவுபெற்றபோது பள்ளத்தாக்கின் வயல்களும் கிராமங்களும் நீருக்குள் போயின. அங்கிருந்த குடும்பங்களில் சில மேட்டு நிலங்களுக்கும், வேறு பல தொலைவிலுள்ள மகாவலிக் குடியேற்றங்களுக்கும் சென்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் மலையகத்தில் மீண்டும் பல குடும்பங்களை இடம்பெயரச் செய்தன.

இடம்பெயர்ந்த வீட்டில் இளையவர்கள் வேலை தேடி ஓடுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பாடசாலை இருக்கிறது. தாத்தாவுக்கோ காலையில் எழுந்து பார்க்க ஒரு மரக்கறிப் பாத்திகூட இல்லை. அவர் பேச்சைக் குறைக்கிறார், சாப்பாட்டை ஒதுக்குகிறார். "வயசாயிருச்சு, அப்படித்தான்" என்று நாமும் விட்டுவிடுகிறோம். இது சரிதானா?

கவலையா, நோயா?

நிலத்தை இழந்தவர் கவலைப்படுவது இயல்பு. ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாள் முழுவதும், எதிலும் விருப்பமில்லாமல் ஒருவர் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். முதியவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்வது குறைவு. உடம்பு வலி, நெஞ்செரிவு, தூக்கமின்மை, மறதி என்றே சொல்வார்கள். இந்த மறதியை மூளைத் தேய்வு என்று தவறாக எண்ணிவிடுவதும் உண்டு.

மூளையில் நடப்பது

நினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப் பகுதி, மனச்சோர்வு உள்ள பலரிடம் சற்றுச் சுருங்கியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். முதுமையில் இன்னொன்றும் சேர்கிறது. பல ஆண்டுகள் கட்டுப்படாத இரத்த அழுத்தம், சீனி வியாதி, புகைத்தல் ஆகியவற்றால் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. தாங்கியில் தண்ணீர் இருந்தும் குழாய் அடைத்தால் கடைசி வீட்டுக்கு நீர் வராது அல்லவா? அதுபோல, உணர்ச்சியையும் ஊக்கத்தையும் ஆளும் பகுதிகளுக்கிடையிலான தொடர்பு தளர்ந்துவிடுகிறது. இரத்தக் குழாய் சார்ந்த இந்த மனச்சோர்வைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 1997இல் விளக்கி எழுதினார்கள்.

பரம்பரையாக வருமா?

பல வீடுகளில் நோயை மறைப்பதற்குக் காரணம் இந்தப் பயம்தான். "தாத்தாவுக்கு மனநோய் என்று தெரிந்தால் பேத்தியைப் பெண் கேட்டு யார் வருவார்கள்?" என்று எண்ணுகிறார்கள்.

உண்மை என்ன? பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால், ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்காகலாம். ஆனாலும் அத்தகைய குடும்பங்களிலும் பெரும்பாலானோருக்கு அது வருவதில்லை. மனச்சோர்வுக்கென்று தனியொரு மரபணு கிடையாது. 2019இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று இதனோடு தொடர்புள்ள 102 மரபணு வேறுபாடுகளைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியதே.

நமது நாட்டிலும் கொழும்புப் பகுதி இரட்டையர்களிடம் ஆய்வு நடந்தது. 2009இல் வெளியான அதன் முடிவின்படி, பெண்களிடம் மரபின் பங்கு பெரிதாக இருந்தது. ஆண்களிடமோ வாழ்க்கைச் சூழலின் பங்கே மிகப் பெரிதாக இருந்தது. மேலும், முதுமையில் முதன்முறையாக வரும் மனச்சோர்வில் மரபின் பங்கு, இளமையில் தொடங்குவதைவிடப் பொதுவாகக் குறைவு. எனவே தாத்தாவின் நோயைப் பேத்தியின் தலையெழுத்தாக்க வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியவை

முதலில் அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தம், சீனி, தைரொயிட் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். மருந்து தந்தால் குணம் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஒரு வாரத்தில் பலனில்லை என்று நிறுத்த வேண்டாம். இந்த மருந்துக்கு அடிமையாகிவிடுவார் என்ற பயமும் தேவையில்லை.

வீட்டில் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். இரண்டு சாக்கில் மண் நிரப்பிக் கீரை போடச் சொல்லலாம்; எந்த விதை என்பதை அவரே தீர்மானிக்கட்டும். நாள்தோறும் சிறிது தூரம் கூட நடங்கள். சுருட்டு, புகையிலையை விட உதவுங்கள்.

"நான் இருந்து என்ன பயன்?" என்று அவர் சொன்னால் அலட்சியம் வேண்டாம். கிருமிநாசினிப் போத்தல்களைப் பூட்டி வையுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். உடனே வைத்தியரை நாடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

நிலம் திரும்பக் கிடைக்க நாளாகலாம். தாத்தாவை, அப்பாயியை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த கிளினிக் நாள் எப்போது என்று இன்றே விசாரியுங்கள்.