பாய்மரப் படகும் கணினியும்: கேள்வி யாருடையது?

பாய்மரப் படகு வடிவமைப்பில் கணினி என்றதும் நான் முதலில் நினைத்தது வரைபடத்தைத்தான். தாளில் பென்சிலால் வளைத்த கோடுகளை இப்போது திரையில் வளைக்கிறார்கள், அவ்வளவுதானே என்று. சில வாரங்களாக அமெரிக்காஸ் கப் என்ற பாய்மரப் படகுப் போட்டியின் வரலாற்றைத் தோண்டிக்கொண்டிருந்ததில் அந்த எண்ணம் போய்விட்டது. வரைவது சின்ன வேலை. கணினி செய்த பெரிய வேலை வேறு.

முதலில், பாய்மரப் படகை வடிவமைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று பார்ப்போம். விமானம் காற்றில் பறக்கிறது. நீர்மூழ்கி தண்ணீருக்குள் போகிறது. பாய்மரப் படகுக்கோ ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே. காற்று பாயில் பட்டுப் படகு வேகம் எடுக்கிறது. வேகம் எடுத்ததுமே, படகில் இருப்பவர் உணரும் காற்றின் திசையும் வேகமும் மாறிவிடுகின்றன (பைக்கில் போகும்போது எதிர்க்காற்று அடிக்குமே, அதேதான்). அதனால் பாயின் விசை மாறும். விசை மாறினால் படகு சாயும் அளவு மாறும். சாய்ந்தால் தண்ணீருக்குள் இருக்கும் பகுதியின் வடிவமே மாறும். வடிவம் மாறினால் தடை மாறும், தடை மாறினால் வேகம் மாறும். மறுபடி முதலிலிருந்து!

கணினிக்கு முன்னால் இதற்கு இருந்த வழி, சிறிய மாதிரி செய்து தொட்டியில் இழுத்துப் பார்ப்பது. இங்கேதான் ஒரு சிக்கல். தண்ணீரில் நகரும் படகுக்கு இரண்டு வகைத் தடை முக்கியம்: அலைகளை எழுப்புவதில் போகும் சக்தி ஒன்று, தண்ணீரின் உராய்வு இன்னொன்று. மாதிரியைச் சிறிதாக்கும்போது அலைக்கு ஏற்ற வேகத்தில் இழுத்தால் உராய்வுக் கணக்கு தப்பும். உராய்வுக்கு ஏற்ற வேகத்தில் இழுத்தால் அலைக் கணக்கு தப்பும். இரண்டையும் ஒரே தண்ணீரில் ஒன்றாகப் பிடிக்க முடியாது. மாதிரி எவ்வளவு சிறியதோ, அவ்வளவு ஏமாற்றும்.

1974இல் இப்படி ஏமாந்த படகுதான் மரினர். வடிவமைத்தவர் பிரிட்டன் சான்ஸ். பின்பக்கம் தண்ணீருக்கு அடியில் சட்டென்று வெட்டிவிட்டதுபோல ஒரு படி வைத்த புதுமையான உடல். தொட்டியில் சிறிய மாதிரி நன்றாகவே ஓடியது. நிஜக் கடலில் படகு தண்ணீரைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனது. நடுவில் உடலை மாற்றிக் கட்டியும் பலனில்லை. தகுதிச் சுற்றிலேயே வெளியேறியது.

அதே 1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜஸ்டின் கெர்வின் என்ற பேராசிரியரும் அவர் குழுவும் ஒரு நிரலை உருவாக்கினார்கள். அவர்கள் நோக்கம் வேகமான படகு அல்ல. விதவிதமான படகுகள் ஒன்றாகப் போட்டியிடும்போது யாருக்கு எவ்வளவு நேரச் சலுகை தருவது நியாயம் என்று கணக்கிடுவது. நிரல் செய்வது இதுதான்: படகின் வேகத்தையும் சாய்வையும் உத்தேசமாக எடுத்துக்கொள்ளும். அந்த நிலையில் பாயின் விசையும் தண்ணீரின் தடையும் சமமா, சாய்க்கும் விசையும் நிமிர்த்தும் விசையும் சமமா என்று பார்க்கும். இல்லையென்றால் உத்தேசத்தைக் கொஞ்சம் திருத்தி மறுபடி பார்க்கும். சமநிலை வரும்வரை சளைக்காது. மனிதனுக்கு அலுத்துப்போகும் வேலை, கணினிக்கு வெல்லம்.

இதில் எளிய வடிவம் ஒன்றை நானே எக்ஸெலில் போட்டுப் பார்த்தேன். படகுக்கு அடியில் துடுப்புபோல இறங்கி நிற்கும் கனமான பகுதிக்குக் கீல் என்று பெயர். அதன் எடையைக் கூட்டினால் படகு வேகமாகும் என்று நினைத்தேன். பலமான காற்றில் ஆனது. மென்காற்றில் முன்பைவிட மெதுவாகிவிட்டது. அப்படியானால் எது நல்ல படகு? எக்ஸெல் அதற்குப் பதில் சொல்லவில்லை. எந்தக் காற்றுக்காகக் கட்டுகிறாய் என்று அது என்னைத்தான் திருப்பிக் கேட்டது.

இந்தப் பின்னணியில்தான் 1983இன் கதை எனக்குப் புரிந்தது. நியூயார்க் யாட் கிளப் 1851இல் வென்ற கோப்பையை 132 ஆண்டுகளாக விட்டுக்கொடுக்கவே இல்லை. அதைப் பறித்தது ஆஸ்திரேலியா II. வடிவமைப்பாளர் பென் லெக்ஸன். நெதர்லாந்தின் வாகெனிங்கன் நகரில் மாதிரிப் பரிசோதனை நடந்தது. மரினரின் பாடத்துக்குப் பிறகு மாதிரியும் பெரிதாகியிருந்தது; நிஜப் படகில் மூன்றில் ஒரு பங்கு அளவு. கூடவே, விமான ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யோப் ஸ்லோஃப் விமான இறக்கைகளுக்கான கணினி நிரலைக் கீலுக்குப் பயன்படுத்தினார். அன்றைய கணினியால் நீரோட்டத்தை முழுமையாகக் கணக்கிட முடியாது. மேற்பரப்பைச் சிறு சிறு சில்லுகளாகப் பிரித்து, உராய்வை ஒதுக்கிவைத்து, அழுத்தத்தை மட்டும் கணக்கிட்டார்கள்.

அதுவே போதுமானதாக இருந்தது. படகு லேசாகப் பக்கவாட்டில் நழுவும்போது கீலின் ஒரு பக்கம் அழுத்தம் கூடும், மறுபக்கம் குறையும். தண்ணீர் கீலின் அடிமுனையைச் சுற்றித் தப்பிப்போய்ச் சுழல் உண்டாக்கும். அந்தச் சுழலில் சக்தி வீணாகும். அடிமுனையில் இரண்டு சிறகுகள் வைத்தால் அந்தக் கசிவு குறையும். சிறகுகள் ஈயம் என்பதால் எடையும் கீழே இறங்கும், படகு நிமிர்ந்து நிற்கும். ஆஸ்திரேலியா II தொடரில் 3-1 என்று பின்தங்கி, பிறகு 4-3 என்று வென்றது.

அந்தக் கீல் யாருடையது என்ற சண்டை அதன்பிறகு பல ஆண்டுகள் ஓடியது. படகை வடிவமைப்பவர் போட்டியிடும் நாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. நெதர்லாந்து நிபுணர்கள் தங்கள் பங்கு பெரியது என்றார்கள், ஆஸ்திரேலியர்கள் மறுத்தார்கள். ஒன்று கவனித்தீர்களா? வடிவமைத்தது கணினி என்று இரு தரப்பிலும் யாரும் சொல்லவில்லை.

இப்போது 2021க்கு வருவோம். ஆக்லாந்தில் ஓடியவை ஏசி75 படகுகள். கீலே கிடையாது, தண்ணீருக்குள் இருக்கும் இறக்கைகள் படகையே மேலே தூக்கிவிடும். நீளம் 75 அடி, வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரையும் தாண்டும். இழுவைத் தொட்டிச் சோதனைக்குப் போட்டி விதிகளில் தடை. எனவே கணினிதான் கடல். நியூசிலாந்து அணியிடம் ஒரு சிமுலேட்டர் இருந்தது. ஆனால் அதை ஓட்ட மாலுமிகள் வேண்டும். அவர்கள் எப்போதும் ஊரில் இருக்க மாட்டார்கள். அதனால் தானே முயன்று, தவறி, கற்றுக்கொள்ளும் செயற்கை அறிவு மாலுமி ஒன்றைப் பழக்கினார்கள். அது இரவும் பகலும் புதுப்புது இறக்கை வடிவங்களை ஓட்டிப் பார்த்தது. சிமுலேட்டரில் மாலுமிகளையே முந்தவும் செய்தது. அது படகைத் திருப்பும் விதத்தைப் பார்த்து மாலுமிகளும் கற்றுக்கொண்டார்கள். அந்த அணி கோப்பையைத் தக்கவைத்தது.

அப்போ கணினியை நம்பிவிடலாமா? 1995 மார்ச் 5 அன்று சான் டியாகோ அருகே, ஒன் ஆஸ்திரேலியா என்ற படகு முரட்டு அலையில் இரண்டாக உடைந்து சில நிமிடங்களில் மூழ்கியது. நல்லவேளை, எல்லோரும் பிழைத்தார்கள். அதை உருவாக்கியதும் அன்றைய நவீனத் தொழில்நுட்பம்தான்.

தொட்டியோ கணினியோ, கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். மரினரின் தொட்டி பொய் சொல்லவில்லை. சிறிய மாதிரியைப் பற்றிக் கேட்டார்கள், அது சிறிய மாதிரியைப் பற்றிச் சொன்னது. 1974க்கும் இன்றைக்கும் நடுவில் பதில் வரும் வேகம் எங்கேயோ போய்விட்டது. எந்தக் காற்று, எந்த அலை, எவ்வளவு ஆபத்து வரை பரவாயில்லை என்ற கேள்விகள் மட்டும் இன்னும் மனிதர் கையில்தான் இருக்கின்றன. என் எக்ஸெல் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. எனக்குப் பரவாயில்லை, நான் கட்டப்போவது காகிதப் படகுதான். நிஜப் படகு கட்டுபவர் அதற்குப் பதில் சொல்லாமல் கணினியைத் திறக்கவே முடியாது.